மருத்துவக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்: இராமநாதபுரம் கடற்கரை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும்

நீட் தேர்வின் முடிவு வெளியானதும் எங்கள் பள்ளியின் கணினி அறை வாசலில் செருப்புகள் குவியத் தொடங்கிவிடும். மண்டபத்திலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் பிள்ளையும் பெற்றோருமாக வருவார்கள். 720 மதிப்பெண்ணுக்கு எத்தனை வந்திருக்கிறது, இடம் கிடைக்குமா என்ற பேச்சிலேயே வாரங்கள் ஓடிவிடும். கிடைக்கும் என்று தெரிந்த பிறகோ, எந்தக் கல்லூரி என்ற கேள்விக்கு ஒரு மாலைப்பொழுதைக்கூட முழுதாகக் கொடுக்காமல், போன ஆண்டு உறவினர் வீட்டுப் பிள்ளை சேர்ந்த கல்லூரியின் பெயரையே முதலில் எழுதிவிட்டுப் போவார்கள். எம்.பி.பி.எஸ். என்பது நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியுமாக ஐந்தரை ஆண்டு. உயிரியல் ஆசிரியராக அந்தக் கணினிக்கு அருகில் பல பருவங்கள் உட்கார்ந்தவன் என்ற முறையில், அந்த ஐந்தரை ஆண்டை எங்கே கழிப்பது என்று முடிவு செய்ய உதவும் செய்திகளை இங்கே எழுதுகிறேன்.

எந்தெந்த வழியில் இடம் வரும் என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள்

அரசு மருத்துவக் கல்லூரிகளின் இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்கிறது. மீதமுள்ள 85 விழுக்காட்டை மாநிலத் தேர்வுக் குழு நிரப்புகிறது. அகில இந்திய இடங்கள், எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றுக்கான கலந்தாய்வை எம்.சி.சி. எனப்படும் மத்தியக் குழு நடத்துகிறது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதையே அறியாமல் ஒரு வழியை இழந்த குடும்பங்கள் எங்கள் பகுதியில் உண்டு. மாநில இடங்களில் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் இனத்தவருக்கு அருந்ததியர் உள்ஒதுக்கீட்டையும் சேர்த்து 18, பழங்குடியினருக்கு 1 என 69 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. அகில இந்திய இடங்களில் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே ஓ.பி.சி. எனப்படும் இதர பிற்படுத்தப்பட்டோர் என்ற ஒரே பிரிவுக்கு 27 விழுக்காடு, அதுவும் மத்தியப் பட்டியலின்படி, வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கே உண்டு. ஆகவே வீட்டில் இருக்கும் நிரந்தரச் சாதிச் சான்றிதழோடு, ஓ.பி.சி. சான்றிதழையும் இ-சேவை மையத்தில் தனியே விண்ணப்பித்துப் புதிதாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. கீழக்கரையிலும் தங்கச்சிமடத்திலும் தொண்டியிலும் பெற்றோர் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி இதற்குள் வராது. கட்டணம் இல்லை, சீருடை இலவசம் என்பதால் உதவிபெறும் பள்ளியையும் அரசுப் பள்ளி என்றே பலரும் நினைத்திருக்கிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் சுயநிதிக் கல்லூரியானாலும் அரசே ஏற்கிறது. ஆகவே அவர்கள் கட்டணத்தைப் பற்றிய பயத்தை விலக்கிவைத்துவிட்டு, எங்கே நன்றாகப் படிக்கலாம் என்பதை மட்டும் எடைபோட முடியும்.

மருத்துவமனையைப் பாருங்கள்

கல்லூரிகளைச் சுற்றிப் பார்க்கப் போகும் பெற்றோர் நுழைவாயிலையும் கண்ணாடி முகப்பையும் குளிரூட்டப்பட்ட விரிவுரை அரங்கையும் பார்த்து மனம் நிறைந்து திரும்புகிறார்கள். என் கருத்தில், போகவேண்டிய இடம் காலை எட்டு மணிக்கு அந்தக் கல்லூரி மருத்துவமனையின் ஓ.பி. சீட்டுக் கொடுக்கும் இடம். அங்கே வரிசை வாசலைத் தாண்டி நின்றால் உங்கள் பிள்ளைக்கு ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று பொருள், நோயாளிகளைத்தான் சொல்கிறேன். கல்லீரல் வீக்கத்தை விரல்நுனியால் உணர்வதும், இதய ஒலியில் சேர்ந்து வரும் முணுமுணுப்பைக் காதால் பிடிப்பதும் பத்து வயிறுகளைத் தொட்டு, ஐம்பது மார்புகளில் குழல் வைத்த பிறகுதான் கைவரும். படுக்கைகள் காலியாகக் கிடக்கும் மருத்துவமனையில் எவ்வளவு நல்ல பேராசிரியர் இருந்தாலும் அதைக் கற்றுத்தர முடியாது.

மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனைக்கு ஒரு மாணவனை இப்படித்தான் ஒருமுறை அழைத்துப் போனேன். கடலுக்குப் போன படகுகள் கரை திரும்பியிருந்த காலை அது. அவசர சிகிச்சைப் பிரிவில் நடுவயது மீனவர் ஒருவரின் பாதத்தில் திருக்கை முள் ஏறியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பெஞ்சின் ஓரத்தைப் பிடித்திருந்தார். பயிற்சி மருத்துவர் ஒருவர் பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் கொண்டுவந்து, முதலில் தன் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்துவிட்டு, அவருடைய காலை அதற்குள் வைத்தார். "எடுத்துராதீங்கண்ணே, சூடு ஏற ஏற கடுப்பு இறங்கும்" என்றார். திருக்கையின் நஞ்சு வெப்பத்தில் செயலிழக்கும் புரதம் என்பதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த மீனவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்ததைப் பார்த்த என் மாணவன், அதற்குப் பிறகு கட்டடம் பெரிதா சிறிதா என்று என்னிடம் கேட்கவில்லை.

தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் வெளியிட்ட குறைந்தபட்சத் தரவிதிகளின்படி, ஆண்டுக்கு 100 மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிக்கு 420 படுக்கைகளும், 150 பேருக்கு 605 படுக்கைகளும், 250 பேருக்கு 900 படுக்கைகளும் இருக்க வேண்டும். படுக்கைகளின் எண்ணிக்கையை எல்லாக் கல்லூரிகளும் இணையதளத்தில் போட்டிருக்கும். அவற்றில் எத்தனையில் நோயாளி இருக்கிறார் என்பதை நீங்கள்தான் நேரில் பார்க்க வேண்டும். பகல் பதினோரு மணிக்குப் பொதுமருத்துவ வார்டு, பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு ஆகிய மூன்றின் வழியாகவும் நடந்து போனாலே போதும். வெள்ளை அங்கி அணிந்த மாணவர்கள் படுக்கையருகே நின்று நோயாளியிடம் பேசுகிறார்களா, மூத்தவர் யாராவது அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். கல்லூரி ஓரிடத்திலும் மருத்துவமனை வேறிடத்திலும் இருந்தால், மாணவர்கள் எப்படிப் போய்வருகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டில் அந்தப் பயணம் தினமும் உறக்கத்தைத் தின்னும்.

மதுரையா, இராமநாதபுரமா?

எங்கள் கரையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. மதுரை மருத்துவக் கல்லூரி 1954இல் தொடங்கியது. ஆண்டுக்கு 250 மாணவர்கள். அரசு இராஜாஜி மருத்துவமனை தென்மாவட்டங்கள் பலவற்றின் கடைசி நம்பிக்கை. இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி, தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 கல்லூரிகளில் ஒன்றாக 2022 ஜனவரி 12 அன்று 100 இடங்களோடு வந்தது. பழைய கல்லூரியில் உயர்சிறப்புத் துறைகளும் பட்டமேற்படிப்பு மாணவர்களும் நிறைய இருப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு வார்டில் சந்தேகம் கேட்டால் பதில் சொல்வதற்கு ஆள் உண்டு. அரிய நோய்களும் வந்து சேரும். அதே காரணத்தால், சிறு சிகிச்சைகளைக்கூடப் பட்டமேற்படிப்பு மாணவர்களே செய்துவிட, பயிற்சி மருத்துவர்கள் இரத்த மாதிரியைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கும் வார்டுக்கும் நடப்பதிலேயே ஆண்டு கழிந்துவிடுவதும் உண்டு. புதிய கல்லூரியில் மாணவர் குறைவு, தையல் போடவும் பிரசவம் பார்க்கவும் கை வேகமாகப் பழகும். ஆனால் சிக்கலான நோயாளிகள் 115 கிலோமீட்டர் தள்ளியுள்ள மதுரைக்கு அனுப்பப்படுவதால், அவர்களுக்கு அடுத்து என்ன செய்யப்பட்டது என்பதைப் பார்க்கும் வாய்ப்பு குறையும்.

ஆழ்ந்து படிக்கவும் கூட்டத்தில் தனக்கான இடத்தைத் தானே தேடிக்கொள்ளவும் கூடிய பிள்ளைக்கு நான் மதுரையையே முதலில் எழுதச் சொல்வேன். ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்துக் கேட்டால்தான் வாய் திறக்கும் பிள்ளைக்கு 100 பேர் படிக்கும் கல்லூரி நல்லது. சிவகங்கையும் அப்படிப்பட்ட அளவுடைய அரசுக் கல்லூரிதான். எங்கள் கடற்கரைக்கென்று தனியே ஒரு படிப்பும் இருக்கிறது. கடற்பாசி எடுக்கும் பெண்களின் கைக்காயங்கள், சங்கு குளிப்பவர்களின் காதுகள், உப்பளத் தொழிலாளர்களின் கண்களும் பாதங்களும் ஆகியவற்றைப் பாடநூல் ஓரிரு வரிகளில் கடந்துவிடும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தது இந்த மாவட்டத்தில்தான். மனநல மருத்துவத்தில் நாட்டம் உள்ள ஒரு பிள்ளை இங்கே படிப்பதற்கு அதைவிடக் கனமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

புதிய நிறுவனம் எதுவானாலும், வகுப்பு இன்று எங்கே நடக்கிறது என்று கேட்பது அவசியம். மதுரை தோப்பூரில் 2019இல் அடிக்கல் நாட்டப்பட்ட எய்ம்ஸின் முதல் 50 மாணவர்கள், 2022இல் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில்தான் தங்கள் படிப்பைத் தொடங்கினார்கள். பெயரைப் பார்த்துச் சேர்பவர், அந்தப் பெயருக்குரிய மருத்துவமனை எப்போது முழுதாக இயங்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் கல்லூரியின் பெயரும் அனுமதிக்கப்பட்ட இடங்களும் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். இதைத் தரகர் காட்டும் தாளில் பார்க்காதீர்கள், நீங்களே திறந்து பாருங்கள். தேசிய அளவிலான தரவரிசைப் பட்டியல் மருத்துவப் பிரிவில் 50 கல்லூரிகளையே வரிசைப்படுத்துகிறது. அதில் பெயர் இல்லாததை வைத்து ஒரு கல்லூரியை ஒதுக்க வேண்டியதில்லை.

நோயாளியின் மொழி, மாணவரின் மொழி

அகில இந்திய ஒதுக்கீட்டில் வடமாநிலக் கல்லூரி கிடைக்கும்போது, பெயர்பெற்ற கல்லூரி என்று மகிழ்ந்து போகிறவர்கள் மொழியை மறந்துவிடுகிறார்கள். நோயறிதலில் பாதி, நோயாளி தன் வாயால் சொல்வதிலிருந்துதான் பிறக்கிறது. வலி என்றால் குத்துகிறதா, கடுக்கிறதா, எரிகிறதா, பிசைகிறதா, சுருக்கென்று பிடிக்கிறதா என்று எங்கள் ஊர்க் கிழவி ஐந்து விதமாகச் சொல்வாள். ஒவ்வொன்றும் வேறு உறுப்பைக் காட்டும். இதை வேறொரு மொழியில் பிடிப்பதற்கு இரண்டு ஆண்டாவது ஆகும். முதலாண்டிலிருந்தே மாணவர்கள் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, அவர்கள் வீட்டுக்கே சென்று உடல்நலத்தைக் கவனிக்கும் திட்டத்தையும் ஆணையம் பாடத்தில் சேர்த்திருக்கிறது. அந்த மொழியைக் கற்க மனமும் பொறுமையும் உள்ளவர் தாராளமாகப் போகலாம். மனம் இல்லாமல் போவது நல்லதல்ல.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் முதலாண்டின் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் நூல்களைப் பார்த்து மிரள்வது இயல்பு. அவர்களுக்கு மாலை வகுப்போ, ஒரு சிறு குழுவுக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏற்பாடோ அந்தக் கல்லூரியில் உண்டா என்று மூத்த மாணவர்களிடம் கேளுங்கள். முதலாண்டுத் தேர்வில் நான்கு முயற்சிகளுக்குள் தேற வேண்டும், முழுப்படிப்பையும் ஒன்பது ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. கைகொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கும் கல்லூரியின் அருமை அப்போது தெரியும். உடற்கூறியல் அறையில் ஓர் உடலைச் சுற்றி எத்தனை மாணவர்கள் நிற்கிறார்கள் என்பதையும் அவர்களிடமே கேட்டுவிடுங்கள்.

பணக் கணக்கு

அரசுக் கல்லூரியின் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் முடிந்துவிடும். சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு நான்கு லட்சத்தை ஒட்டியும், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அதைப்போல் மூன்று மடங்குக்கு மேலும் ஆகும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுக்கு இருபது லட்சத்தைத் தாண்டும். இவற்றோடு விடுதி, உணவு, பேருந்து, நூல், தேர்வுக் கட்டணம், வைப்புத்தொகை என்று வருபவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரசீது தர மறுக்கும் தொகை எதையும் கட்டாதீர்கள். பயிற்சி ஆண்டில் உதவித்தொகை உண்மையிலேயே கைக்கு வருகிறதா என்பதைக் கல்லூரி அலுவலகத்திடம் கேட்பதைவிடக் கடந்த ஆண்டு பயிற்சி முடித்தவர்களிடம் கேட்பது நல்லது.

கடல்தொழில் செய்யும் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் கையிருப்பு கரைந்து, வலைக்கும் படகுக்கும் மராமத்துச் செலவும் ஆன பிறகுதான் கலந்தாய்வும் கட்டணமும் வந்து நிற்கின்றன. நிகர்நிலைப் பல்கலைக்கழகக் கலந்தாய்வில் பதிவு செய்யவே இரண்டு லட்சம் ரூபாய் முன்வைப்பாகக் கேட்கப்பட்டிருக்கிறது. திரும்பக் கிடைக்கும் தொகைதான் என்றாலும் அதற்காக வட்டிக்கு வாங்கினால் வட்டி திரும்பாது. கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்தை ஈடாகக் கேட்கும். வீட்டுமனைக்குப் பட்டா இல்லாத கடலோரக் குடும்பங்கள் இதை மார்ச் மாதத்திலேயே வங்கி மேலாளரிடம் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நிகர்நிலையில் சேர்ந்து இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்குப் படகை விற்க நேர்வதைவிட, இன்னும் ஓராண்டு முயன்று அரசுக் கல்லூரிக்குப் போவதே மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

வளைகுடாவில் உறவினர் உள்ள வீடுகளுக்கு வெளிநாட்டுப் படிப்பின் அழைப்புகள் நிறைய வரும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி அந்தப் படிப்பு 54 மாதங்களுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆங்கில வழியில் நடக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும். அந்த நாட்டிலேயே மருத்துவம் பார்க்கும் உரிமையும் கிடைக்க வேண்டும். நாடு திரும்பிய பிறகு 300 கேள்விகளில் 150க்குச் சரியான விடை எழுதித் தகுதித் தேர்வில் தேறி, இங்கும் 12 மாதம் பயிற்சி செய்ய வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இங்கே பதிவு கிடைக்காது. முகவர் இந்த விதிகளைத் தானாகச் சொல்கிறாரா, நீங்கள் கேட்ட பிறகு சொல்கிறாரா என்பதிலேயே அவரை அளந்துவிடலாம்.

விருப்பப் பட்டியலை நிரப்பும்போது

கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் தரவரிசைக்குக் கிடைக்கும் முதல் இடத்தைத் தருகிறது. ஆகவே போன ஆண்டுக் கட்-ஆஃப் வரிசையில் எழுதாமல், உண்மையிலேயே விரும்பும் வரிசையில் எழுத வேண்டும். மேலே எட்டாத கல்லூரியை எழுதுவதால் கீழே உள்ள வாய்ப்பு குறைந்துவிடாது. ஆனால் மனம் இல்லாத கல்லூரியை மேலே எழுதக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவி ஒருத்திக்கு முதல் சுற்றிலேயே பக்கத்து மாவட்ட அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதற்கு மேலே, எப்படியும் வராது என்ற எண்ணத்தில், பெரிய பெயருள்ள தொலைதூரக் கல்லூரி ஒன்றை எழுதச் சொல்லியிருந்தவன் நான். இரண்டாம் சுற்றில் மேல்நகர்வுக்கு, அதாவது பட்டியலில் மேலே உள்ள இடம் கிடைத்தால் அதற்கு மாறுவதற்கு, சம்மதம் கொடுத்தாள், அந்த இடம் விழுந்தது. முதலில் கிடைத்த இடம் அந்தக் கணமே வேறொருவருக்குப் போய்விட்டது. நோயுற்ற தாயை விட்டு அவ்வளவு தூரம் போக முடியாமல் அவள் என் முன்னால் அழுதது இன்றும் என் நினைவில் இருக்கிறது. மேல்நகர்வில் புதிய இடம் விழுந்தால் பழைய இடம் திரும்ப வராது என்பதையும், பிந்தைய சுற்றுகளில் சேர்ந்த இடத்தை விட்டு விலகினால் பண இழப்பும் தடையும் உண்டு என்பதையும் அதற்குப் பிறகு ஒவ்வொரு பெற்றோரிடமும் இரண்டு முறை சொல்கிறேன்.

பட்டியலை முதலில் முழுத்தாளில் பேனாவால் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே வீட்டிலிருந்து அங்கே போக எத்தனை மணி நேரம், ஆண்டுச் செலவு எவ்வளவு, மருத்துவமனையை நேரில் பார்த்தது யார் என்று மூன்று குறிப்புகள் இருக்கட்டும். பிறகு அந்தத் தாளைப் பிள்ளையிடம் கொடுத்து, "இந்தப் பேரு வந்தா சந்தோஷமாப் போவியா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள், தயங்கும் பெயரைக் கீழே இறக்குங்கள். கடைசி நாள் இரவில் இணையம் திணறும் என்பதால் ஒருநாள் முன்னதாகவே பட்டியலை இணையத்தில் இறுதிசெய்து பூட்டிவிட்டு, பூட்டிய பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேரும் நாளுக்கு மூலச் சான்றிதழ்களோடு மூன்று படி நகல்களும் பள்ளித் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட ஆறு முதல் பன்னிரண்டு வரையிலான படிப்புச் சான்றும் வேண்டும். இடையில் பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியே வாங்க வேண்டும். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால் ஒப்புகைச் சீட்டு பெறாமல் திரும்பாதீர்கள். விடுதியில் குடிநீரையும் கழிப்பறையையும் தாயார் ஒருமுறை நேரில் பார்த்துவிடட்டும். ராகிங் புகாருக்கான 1800-180-5522 என்ற கட்டணமில்லா எண்ணைப் பிள்ளையின் கைபேசியில் பதிந்து கொடுத்து, முதல் மாதம் மட்டும் தினமும் ஒரே நேரத்தில் பேசுங்கள்.